இறக்குமதி இறைச்சியை அரசு எப்படிப் பரிசோதிக்கிறது: சான்றிதழ் முதல் ஆய்வகம் வரை முழுமையான வழிகாட்டி

இறைச்சி ஏற்றிய கண்டெய்னர் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் அரசுப் பரிசோதனை ஆரம்பிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்போடு முதல் சரக்கை வரவழைத்தால் சிக்கல் நிச்சயம். கண்டெய்னர் வந்து நிற்கும் நேரத்தில் பரிசோதனையின் பெரும்பகுதி வேறொரு நாட்டில், அந்த நாட்டு அரசின் கால்நடை மருத்துவர் கையால் முடிந்திருக்க வேண்டும். எல்லையில் நடப்பது அந்த வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கும் மறுபார்வை.

முதல்முறை இறைச்சி இறக்குமதி செய்யப் போகிறவர்கள், அவர்களுக்காகக் காகித வேலை பார்க்கிறவர்கள், சாப்பிடுகிற பொருள் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். நாட்டுக்கு நாடு படிவத்தின் பெயர் மாறும், கட்டணம் மாறும், துறையின் பெயர் மாறும். ஆனால் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் 1995-ல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் சுகாதாரப் பாதுகாப்பு ஒப்பந்தம் எல்லோரையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டது. உணவுப் பாதுகாப்புக்கு கோடெக்ஸ் (ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 1963-ல் உருவாக்கிய ஆணையம்), விலங்கு நோய்களுக்கு 1924-ல் தொடங்கி பாரிஸிலிருந்து இயங்கும் உலக விலங்கு சுகாதார அமைப்பு, இந்த இரண்டும் வகுக்கும் தரங்களைத்தான் நாடுகள் அடிப்படையாக வைத்துக்கொள்கின்றன.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

படிகளுக்குப் போகும் முன் இதைப் புரிந்துகொண்டால், இந்த ஏற்பாடு முழுவதும் ஏன் இப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று தானாகவே விளங்கும். ஒரு பெரிய சரக்கில் 100 துண்டுக்கு 1 துண்டில் ஆபத்தான பாக்டீரியா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் 60 துண்டுகளை எடுத்துச் சோதிக்கிறார்கள். ஒன்றாவது சிக்குவதற்கான வாய்ப்பு எவ்வளவு? சுமார் 45 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்ட தடவை அந்தச் சரக்கு "சுத்தம்" என்று ஆய்வகச் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். 100-க்கு 5 துண்டு கெட்டிருந்தால் அதே 60 மாதிரியில் பிடிபடும் வாய்ப்பு 95 சதவீதமாக ஏறுகிறது. அதாவது எல்லைச் சோதனை, மோசமாகக் கெட்டுப்போன அமைப்பை நன்றாகப் பிடிக்கும், அபூர்வமாக நடக்கும் தவறைப் பிடிக்காது. முழுச் சரக்கையும் சோதித்துவிடலாமே என்றால், சோதித்த இறைச்சியை விற்க முடியாது.

அதனால்தான் எந்த விவரமான அரசும் முதலில் வெளிநாட்டு இறைச்சிக்கூடத்தையும் அதைக் கண்காணிக்கும் அந்நாட்டு அரசையும் எடைபோடுகிறது, சரக்கைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 1: நாடு, ஆலை, பொருள் — மூன்றும் பட்டியலில் இருக்கிறதா?

விலை பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. இறக்குமதி செய்யும் நாட்டின் அரசு, எந்தெந்த நாட்டிலிருந்து எந்த வகை இறைச்சி வரலாம் என்று பட்டியல் வைத்திருக்கும். அமெரிக்காவில் வேளாண் துறையின் எஃப்எஸ்ஐஎஸ் என்ற அமைப்பு, ஏற்றுமதி நாட்டின் பரிசோதனை முறை தன்னுடையதற்கு இணையான பாதுகாப்பைத் தருகிறதா என்று ஆவணங்களைப் பார்த்து, நேரில் போய்த் தணிக்கை செய்து, அதற்குப் பிறகுதான் அந்த நாட்டைச் சேர்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் இப்படித்தான், நாடுகளுக்கு ஒரு பட்டியல், அதற்குள் ஆலைகளுக்கு இன்னொரு பட்டியல்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது மூன்றாவது கேள்வி. ஒரு நாட்டுக்குச் சமைத்த கோழிக்கு அனுமதி இருக்கலாம், பச்சைக் கோழிக்கு இல்லாமல் இருக்கலாம். எலும்பு நீக்கிய மாட்டிறைச்சிக்கு இருக்கலாம், ஈரல் குடல் போன்ற உள்ளுறுப்புகளுக்கு இல்லாமல் போகலாம். ஆலை எண் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் அனுப்பாதீர்கள். அந்த ஆலைக்கு எந்த வேலைக்கு அனுமதி, வெட்டுவதற்கா, துண்டு போடுவதற்கா, குளிர்பதனக் கிடங்குக்கு மட்டுமா, எந்தத் தேதியிலிருந்து, இவையெல்லாவற்றையும் அரசின் தளத்தில் நீங்களே பாருங்கள். விற்பவர் அனுப்பும் பழைய கடிதத்தை நம்ப வேண்டாம். அனுமதி கிடைப்பதற்கு முன் வெட்டிய விலங்கின் இறைச்சி, அனுமதி வந்த பிறகு கப்பலேறினாலும், பல நாடுகளில் செல்லாது.

படி 2: விலங்கு நோய் ஒரு வாசல், உணவுப் பாதுகாப்பு இன்னொரு வாசல்

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. கோமாரி நோய் மனிதர்களுக்கு உணவு வழியாக வரும் ஆபத்து இல்லை. ஆனால் அந்த வைரஸ் இறைச்சியோடு உள்ளே வந்தால் ஒரு நாட்டின் மொத்தக் கால்நடை வளமும் ஆட்டம் காணும். பிரிட்டனில் 2001-ல் வந்த கோமாரி நோயில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொல்ல வேண்டியிருந்தது. சட்டவிரோதமாக வந்த இறைச்சி கலந்த எச்சில் உணவைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் பன்றிகளுக்குப் போட்டதுதான் தொடக்கமாக இருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸும் உறைந்த இறைச்சியில் நீண்ட காலம் உயிரோடு இருக்கும், அதற்கு ஊர் எல்லையும் கிடையாது நாட்டு எல்லையும் கிடையாது. பயணிகள் பையில் கொண்டுவரும் சின்ன இறைச்சிப் பொட்டலத்தைக்கூட விமான நிலையத்தில் பறிமுதல் செய்வது இதனால்தான். தயவுசெய்து அதில் அதிகாரிகளோடு வாதாடாதீர்கள்.

எனவே பெரும்பாலான நாடுகளில் கால்நடைத் துறையின் இறக்குமதி அனுமதி தனியாக, உணவுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி தனியாக. முதல் அனுமதியில் உள்ள நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். உதாரணத்துக்கு, கோமாரி நோய் உள்ள பகுதியிலிருந்து மாட்டிறைச்சி வரவேண்டுமானால், எலும்பும் முக்கிய நிணநீர்ச் சுரப்பிகளும் நீக்கி, வெட்டிய உடலைக் குறைந்தது 24 மணி நேரம் 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருந்து, முதுகுத் தசையின் பிஎச் அளவு (அமிலத்தன்மையின் அளவுகோல், குறையக் குறைய அமிலம் கூடும்) 6.0-க்குக் கீழே இறங்கியதை அளந்து காட்டச் சொல்வார்கள். இதற்குப் பின்னால் அழகான அறிவியல் இருக்கிறது: விலங்கு இறந்த பிறகு தசையில் சேரும் அமிலம் கோமாரி வைரஸை அழித்துவிடுகிறது, ஆனால் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்ச் சுரப்பியிலும் அந்த அமிலம் சேர்வதில்லை, அங்கே வைரஸ் தப்பிப் பிழைக்கும்.

படி 3: சுகாதாரச் சான்றிதழ் — சரக்கின் உயிர்நாடி

ஏற்றுமதி நாட்டில் அரசு கால்நடை மருத்துவர் வெட்டுவதற்கு முன் விலங்கை உயிரோடு பார்க்க வேண்டும், வெட்டிய பின் தலை, உள்ளுறுப்பு, உடல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், பிறகுதான் சான்றிதழ். ஆலைக்காரரோ ஏற்றுமதியாளரோ தன் கடிதத்தாளில் அடித்துத் தருவது சான்றிதழ் ஆகாது.

அனுபவமுள்ள எந்த கிளியரிங் ஏஜென்டைக் கேட்டாலும், இறைச்சிச் சரக்கு முடங்க இறைச்சியே கெட்டிருக்க வேண்டியதில்லை, காகிதம் பொருந்தாவிட்டாலே போதும் என்பார். சீல் எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருக்கும். நிகர எடை இன்வாய்ஸில் ஒன்று, சான்றிதழில் வேறொன்று. தயாரித்த தேதிக்கு முந்தைய தேதியில் சான்றிதழ் கையொப்பமாகியிருக்கும், அல்லது கப்பல் கிளம்பிய பிறகு கையொப்பமாகியிருக்கும், இரண்டுமே சந்தேகத்தைக் கிளப்பும். பழைய மாதிரிப் படிவத்தில் எழுதியிருப்பார்கள். அடித்துத் திருத்திய இடத்தில் அதிகாரியின் முத்திரை இருக்காது. காகிதச் சான்றிதழாக இருந்தால், கையொப்பம் அச்செழுத்தின் நிறத்திலிருந்து வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்றுகூட ஐரோப்பிய ஒன்றிய விதி கேட்கிறது, நகலை அசல் என்று யாரும் காட்டிவிடக் கூடாது என்பதற்காக.

இதற்கு ஒரே வழிதான் இருக்கிறது: சான்றிதழில் கையொப்பம் விழும் முன்பே அதன் வரைவை வாங்கி, அனுமதிச் சீட்டு, பேக்கிங் பட்டியல், லேபிளின் புகைப்படம் ஆகியவற்றோடு ஒரே மேஜையில் பரப்பி வைத்து எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள். முடிந்தால் இரண்டு பேர் செய்யுங்கள், ஒருவர் படிக்க இன்னொருவர் பார்க்க. கப்பல் கிளம்பிய பிறகு சான்றிதழை மாற்றி வாங்குவது என்பது இரண்டு அரசுகளுக்கிடையே கடிதப் போக்குவரத்து, அதுவரை கண்டெய்னர் துறைமுகத்தில் மின்சாரம் குடித்துக்கொண்டு நிற்கும், நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும்.

படி 4: லேபிள், சீல், குளிர்

ஒவ்வொரு பெட்டியிலும் பொருளின் பெயர், ஆலை எண், நாடு, தேதி, சேமிப்பு வெப்பநிலை, சான்றிதழோடு பொருந்தும் சரக்குக் குறியீடு இருக்க வேண்டும். இறக்குமதி நாட்டின் மொழியில் என்னென்ன வேண்டும் என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறைந்த இறைச்சி என்றால் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் என்பது உலகம் முழுக்க வழக்கமான அளவு. ஏற்றும்போதே டேட்டா லாகர் (வெப்பநிலையைத் தானாகப் பதிவு செய்யும் கருவி) ஒன்றை, முடிந்தால் இரண்டை, பெட்டிகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். கண்டெய்னர் இயந்திரம் காட்டுவது காற்றின் வெப்பநிலை. இறைச்சியின் வெப்பநிலை வேறு. பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு என்று தீர்மானிக்கவும் அந்தப் பதிவுதான் உதவும்.

வழியில் வேறு துறைமுகத்தில் கப்பல் மாற்றினால் சீல் உடையக் கூடாது. யாராவது அதிகாரி உடைத்துப் பார்த்திருந்தால், புதுச் சீல் எண்ணோடு அந்த அதிகாரியின் எழுத்து கையில் இருக்க வேண்டும்.

படி 5: முன்னறிவிப்பு

சரக்கு வந்து சேரும் முன்பே எல்லை அதிகாரிகளுக்கு மின்வழியில் தெரிவித்துவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக குறைந்தது ஒரு வேலை நாள் முன்னதாக. எல்லாத் துறைமுகமும் இறைச்சியை ஏற்காது. குளிர் வசதியும் கால்நடை மருத்துவரும் உள்ள, அதற்கென அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் கண்டெய்னர் போக வேண்டும். முன்பதிவு செய்யும் முன் இதைக் கேளுங்கள்.

படி 6: மூன்று அடுக்குப் பரிசோதனை

முதல் அடுக்கு ஆவணங்கள், எல்லாச் சரக்குக்கும் உண்டு. இரண்டாவது, காகிதத்தில் சொன்னதுதான் கண்டெய்னரில் இருக்கிறதா என்று சீலையும் லேபிளையும் பெட்டி எண்ணிக்கையையும் பொருத்திப் பார்ப்பது. மூன்றாவது, பெட்டியைத் திறந்து இறைச்சியையே பார்ப்பது. இந்த மூன்றாவது அடுக்கு எல்லாச் சரக்குக்கும் நடப்பதில்லை. நாடு, பொருள், ஆலை, பழைய வரலாறு இவற்றை வைத்துக் கணினி தேர்ந்தெடுக்கிறது. அமெரிக்காவில் சான்றிதழ், லேபிள், பொதுவான நிலை, போக்குவரத்துச் சேதம் ஆகியவை ஒவ்வொரு சரக்குக்கும் பார்க்கப்படும், அதற்கு மேல் என்ன சோதனை என்பதை எஃப்எஸ்ஐஎஸ்ஸின் கணினி அமைப்பு ஒதுக்கித் தரும். எந்தச் சரக்கு மாட்டும் என்று இறக்குமதியாளருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது, தெரிந்தால் சோதனைக்கே அர்த்தமில்லை.

பெட்டியைத் திறந்ததும் கைதேர்ந்த ஆய்வாளர் என்ன பார்ப்பார் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் சரக்கை நீங்களே மதிப்பிடலாம். முதலில் பெட்டியின் அடிப்பாகம். அங்கே இரத்தம் கலந்த பனிக்கட்டி படிந்திருந்தால், பெட்டி வீங்கி வளைந்திருந்தால், தனித்தனியாக உறைந்திருக்க வேண்டிய துண்டுகள் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள், இப்போது மானி மைனஸ் 18 காட்டினாலும்கூட. அடுத்து உறைந்த கட்டியில் துளை போட்டு உள்ளே வெப்பமானியைச் செருகி மையத்தின் வெப்பநிலையை எடுப்பார்கள். பிறகு சில பெட்டிகளை உருகவைத்து முகர்ந்து பார்ப்பார்கள், ஏனென்றால் உறைந்த நிலையில் கெட்ட வாடை வெளியே தெரியாது. இரத்தக் கட்டி, கன்றிப்போன இடம், எலும்புச் சில்லு, ரோமம், தோல் துண்டு, சீழ்க்கட்டி, சாணக் கறை என்று ஒவ்வொரு குறையையும் எண்ணி, அதன் தீவிரத்துக்கு ஏற்ப மதிப்பெண் போடுவார்கள். எலும்புச் சில்லு ஒன்றிரண்டு இருந்தால் பொறுத்துப் போகலாம். சாணக் கறைக்கு அப்படியில்லை, ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற நோய் தரும் பாக்டீரியாக்கள் உள்ளே வரும் வழியே அதுதான்.

டின்னில் அடைத்த இறைச்சி என்றால் வீக்கம், துரு, விளிம்புப் பள்ளம், கசிவு பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சில டின்களை 35 டிகிரி செல்சியஸில் 10 நாள் வைத்திருந்து வீங்குகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

படி 7: ஆய்வகம்

பொதுவாக மூன்று வகைச் சோதனைகள்.

முதலாவது நுண்ணுயிர்கள். அமெரிக்காவில் 1993-ல் சரியாக வேகாத ஹாம்பர்கரால் 4 குழந்தைகள் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே, அரைத்த மாட்டிறைச்சியில் இதற்குக் காரணமான ஈ.கோலை ஓ157:எச்7 என்ற கிருமி இருந்தால் விற்கவே கூடாது என்று அங்கே அறிவித்தார்கள். இறக்குமதிக்கும் அதே விதிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சைக் கோழி இறைச்சியில் சால்மோனெல்லாவின் இரண்டு முக்கிய வகைகள் 25 கிராம் மாதிரியில் இருக்கவே கூடாது. அப்படியே சாப்பிடும் ஹாம், சாசேஜ் போன்றவற்றில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாதான் பெரிய பயம், அது குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் வளரும். இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும்: உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்பது சரியில்லை. பன்றி இறைச்சியில் வரும் டிரிக்கினெல்லா புழு போன்ற ஒட்டுண்ணிகளைப் போதுமான காலம் உறையவைத்துக் கொல்லலாம். பாக்டீரியா தூங்கும், உருகியதும் எழுந்துகொள்ளும்.

இரண்டாவது மருந்து எச்சங்கள். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை யாராலும் சொல்ல முடியவில்லை, அதனால் உணவு தரும் விலங்குகளுக்கு அவற்றைக் கொடுப்பதையே பல நாடுகள் தடை செய்திருக்கின்றன. நைட்ரோஃபியூரான் உடலில் சீக்கிரமே சிதைந்துவிடும், ஆனால் அதன் சிதைவுப்பொருள் தசையோடு ஒட்டிக்கொண்டு பல வாரம் இருக்கும், ஆய்வகம் தேடுவது அதைத்தான். இன்னொரு வகை மருந்துகளில் நாடுகளுக்கே கருத்து வேறுபாடு. வளர்ச்சி ஹார்மோன் கொடுத்த மாட்டிறைச்சியை ஐரோப்பா 1989 முதல் ஏற்பதில்லை, அமெரிக்காவில் அது சட்டப்படி சரி. ராக்டோபமைன் என்ற தசை வளர்ச்சி மருந்துக்கு எச்ச வரம்பு வைப்பதா வேண்டாமா என்று 2012-ல் கோடெக்ஸில் வாக்கெடுப்பு நடந்தபோது 69-க்கு 67 என்ற கணக்கில்தான் வரம்பு நிறைவேறியது. ஆகவே ஒரு நாட்டில் தேறிய அறிக்கையைக் காட்டி இன்னொரு நாட்டில் நியாயம் கேட்க முடியாது. எந்த நாட்டுக்குப் போகிறதோ அதன் வரம்பைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது, சொன்ன விலங்குதானா என்ற சோதனை. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மாட்டிறைச்சி பர்கர்களில் குதிரையின் மரபணுவைக் கண்டுபிடித்தது ஐரோப்பா முழுவதையும் உலுக்கியது. குதிரை இறைச்சியே விஷம் என்பதில்லை. ஆனால் லேபிளில் பொய் சொன்னவர், அந்த விலங்குக்கு என்ன மருந்து போடப்பட்டது என்ற கணக்கையும் வைத்திருக்க மாட்டார்.

முடிவு வரும்வரை சரக்கு என்ன ஆகும் என்பது முக்கியமான கேள்வி. அமெரிக்காவில் 2013 முதல், ஈ.கோலை, லிஸ்டீரியா போன்றவற்றுக்கு மாதிரி எடுத்தால் முடிவு வரும்வரை பொருள் சந்தைக்குப் போகக் கூடாது, இறக்குமதிக்கும் இது பொருந்தும். சில நாடுகளில் வழக்கமான கண்காணிப்பு மாதிரி எடுத்தால் சரக்கை விட்டுவிடுவார்கள், சந்தேகத்தின் பேரில் எடுத்தால் பிடித்து வைப்பார்கள். விட்டாலும் நீங்கள் விநியோகிக்காமல் வைத்திருப்பது நல்லது என்பதே என் உறுதியான கருத்து. கிருமியை வளர்த்து உறுதிசெய்யப் பல நாள் ஆகும், அதற்கான கிடங்குச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். பத்து நாள் கழித்து நூறு கடைகளிலிருந்து திரும்ப வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

படி 8: தேறாவிட்டால்

பதறாதீர்கள், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். லேபிள் குறை போன்றவற்றைச் சில நேரம் அதிகாரியின் மேற்பார்வையில் சரிசெய்யலாம். சுகாதாரக் குறை என்றால் பொதுவாகத் திருப்பி அனுப்புவது, அழிப்பது, அனுமதி கிடைத்தால் மனித உணவல்லாத பயனுக்கு மாற்றுவது ஆகிய வழிகள்தான். அமெரிக்காவில் இதை முடிக்க 45 நாள் அவகாசம். மறுக்கப்பட்ட பெட்டிகளில் நுழைவு மறுக்கப்பட்டது என்ற முத்திரையும் விழும், வேறு துறைமுகம் வழியாக அதே சரக்கு மறுபடி வந்துவிடக் கூடாது என்று. விலங்கு நோய் சந்தேகம் என்றால் திருப்பி அனுப்பவும் விடாமல் அழிக்கச் சொல்லலாம். ஐரோப்பாவில் 1979-லிருந்து இயங்கும் எச்சரிக்கை வலையமைப்பு மற்ற நாடுகளுக்கும் உடனே சொல்லிவிடும்.

அப்புறம் தொடர்விளைவு. ஒரு சரக்கு தவறினால் அதே ஆலையின் அடுத்தடுத்த சரக்குகளுக்குச் சோதனை கூடும், தொடர்ந்து தேறிக் காட்டினால்தான் பழைய நிலைக்கு வரும். ஒரு நாட்டுக்கே இது நடக்கும். 2017 மார்ச்சில் பிரேசிலில் இறைச்சிப் பரிசோதனை லஞ்ச விவகாரம் வெடித்ததும், அமெரிக்கா அங்கிருந்து வந்த ஒவ்வொரு இறைச்சிச் சரக்கையும் சோதிக்க ஆரம்பித்தது. பச்சை மாட்டிறைச்சியில் 11 சதவீதத்தை மறுத்தது, மற்ற நாடுகளுக்கு அந்த அளவு சுமார் 1 சதவீதம். ஜூனில் பச்சை மாட்டிறைச்சிக்குத் தடையே வந்தது, அது நீங்க 2020 பிப்ரவரி ஆனது. முதலில் சொன்ன கணக்கு இங்கே கண்கூடாகத் தெரிகிறது: பிரேசிலில் அமைப்பு தளர்ந்திருந்தது, எல்லையில் மறுக்கப்பட்ட சரக்கின் அளவு எகிறியது.

படி 9: விடுவித்த பிறகு

கையெழுத்தானதோடு உங்கள் பொறுப்பு தீரவில்லை. எந்தத் தொகுதி எண் எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்று எழுதி வையுங்கள், சான்றிதழ் நகல், டேட்டா லாகர் பதிவு, ஆய்வக முடிவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். பெட்டியைப் பிரித்துச் சிறு பொட்டலமாக்கினால் பழைய தொகுதி எண்ணைப் புது லேபிளுக்குக் கொண்டுபோக மறக்காதீர்கள், பெரும்பாலும் சங்கிலி அறுந்துபோவது அந்த இடத்தில்தான். வருடத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு தொகுதி எண்ணை எடுத்து, அது இன்று எங்கெல்லாம் இருக்கிறது என்று உங்கள் பதிவேட்டை மட்டும் வைத்துக் கண்டுபிடித்துப் பாருங்கள். சில மணி நேரத்துக்குள் முழுப் பட்டியலும் வரவில்லை என்றால், எந்த இடத்தில் எழுத விட்டுப்போனது என்று பார்த்து, அடுத்த கண்டெய்னர் கிளம்பும் முன் சரிசெய்துவிடுங்கள்.